அம்மாவுக்கு 4 மணி, மகனுக்கு 9 மணி... வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டைக்குப் பழ ஈ சொல்லும் பதில்!

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அதிகாலையில் போனால், ஒரே டீக்கடையில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். நைட் ஷிஃப்ட் முடித்து, கண் சிவந்து, வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்று நிற்பவர்கள் ஒரு பக்கம். குளித்து, நெற்றியில் விபூதியோடு முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பி வந்தவர்கள் மறு பக்கம். அவருக்கு அது அன்றைய கடைசி டீ, இவருக்கு முதல் டீ. பூந்தமல்லியில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்திலும், ஆவடியிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலிலும் இதே காட்சிதான்.

வீட்டுக்குள் வந்தால் வேறு மாதிரி. பாட்டி 4 மணிக்கே எழுந்து வாசல் தெளித்துவிட்டார். மகன் 9 மணிக்கும் போர்வையை விடவில்லை. "பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் தூங்குறான் பாரு!" என்ற குரல் கேட்காத தெரு உண்டா? கல்யாணமாகி வந்த மருமகள் கொஞ்சம் லேட்டாக எழுபவராக இருந்துவிட்டால், அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சீக்கிரம் எழுவது நல்ல பழக்கம், லேட்டாக எழுவது சோம்பேறித்தனம். நாம் காலகாலமாகப் போட்டிருக்கும் கணக்கு இதுதான். இந்தக் கணக்கை உலகம் முழுக்க ஆய்வகங்களில் திருத்தி எழுதிக்கொண்டிருப்பது, உங்கள் ஃப்ரிட்ஜ் மேல் கறுத்துப்போன வாழைப்பழத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தத் துளியூண்டு ஈ. அந்தத் திருத்தத்தில் முக்கியமான ஒரு வரியை எழுதியது, நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் பெங்களூரு!

எந்த ஈ?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாம்பழத்தையும் கொய்யாவையும் உள்ளே புழு வைத்து நாசமாக்கும், விவசாயிகள் 'பழ ஈ' என்று திட்டும் ஈ வேறு. அது உருவத்திலும் பெரியது. நாம் பேசப்போவது டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். 2, 3 மில்லிமீட்டர் நீளம், செங்கல் நிறக் கண்கள். பலர் இதைக் கொசு என்றே நினைத்துக் கை தட்டுவார்கள். கடிக்காது. அழுகி, புளித்துப்போன பழத்தில் இருக்கும் ஈஸ்ட்தான் அதற்குச் சாப்பாடு.

டிரோசோஃபிலா என்றால் கிரேக்க மொழியில் 'பனித்துளியை விரும்புவது' என்று அர்த்தம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இந்த ஈ முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, 10 நாள் வாக்கில் முழு ஈயாகக் கூட்டை உடைத்து வெளியே வருகிறது. வெளியே வரும்போது சிறகு ஈரமாக, கசங்கிய காகிதம் போல இருக்கும். அது விரிந்து இறுகுவதற்குள் வெயில் அடித்தால் ஈ காய்ந்து போகும். அதனால் பெரும்பாலான ஈக்கள் காற்றில் ஈரம் இருக்கும் விடியற்காலையாகப் பார்த்துத்தான் கூட்டை உடைக்கின்றன. உள்ளே தயாராகிவிட்டாலும், நேரம் தாண்டிவிட்டால் அடுத்த விடியல் வரை காத்திருக்கும் ஈக்கள் உண்டு!

கூட்டுக்குள் இருக்கும் ஈக்கு மணி எப்படித் தெரிகிறது? இருட்டறையில் வைத்தாலும் அதே நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. அப்படியானால் கடிகாரம் வெளியே இல்லை, ஈக்குள்ளேயே இருக்கிறது.

19 மணி நேர ஈ, 28 மணி நேர ஈ

அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், 1960களின் கடைசியில், சீமோர் பென்சர் என்ற விஞ்ஞானியிடம் ரொனால்டு கொனோப்கா என்ற ஆராய்ச்சி மாணவர் சேர்ந்தார். பென்சர் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர். ஒரு மரபணுவை மாற்றினால் ஓர் உயிரின் நடத்தையே மாறுமா என்பது அவருடைய கேள்வி. அந்தக் காலத்தில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம். கண் நிறம் மாறும், சிறகு வடிவம் மாறும், சரி. நடத்தை அப்படி ஒற்றை மரபணுவில் உட்கார்ந்திருக்குமா?

கொனோப்கா ஈக்களுக்கு மரபணுவில் பிழை உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்தார். அவற்றின் வாரிசுகளில், தப்பான நேரத்தில் கூட்டை உடைக்கும் ஈக்கள் இருக்கின்றனவா என்று பாட்டில் பாட்டிலாகத் தேடினார். கிடைத்தவை மூன்று வகை. ஒரு வகைக்கு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொன்றுக்கு 28 மணி நேரம். மூன்றாவது வகைக்கு நேரமே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் வரும். மூன்று பிழைகளும் ஒரே மரபணுவில், எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருந்தன. அதற்கு 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள். 1971-ல் கட்டுரை வெளியானது. நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் டெல்புரூக் இதைக் கேட்டுவிட்டு நம்பவே மறுத்தார் என்பது அந்தத் துறையில் பிரபலமான கதை.

பிறகு 1984-ல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் ஒரு பக்கமும், மைக்கேல் யங் இன்னொரு பக்கமும் அந்த மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டி போதும். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும், தண்ணீர் இறங்கினால் மறுபடி ஓடும் அல்லவா? பீரியட் மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. இரவில் அந்தப் புரதம் செல்லுக்குள் சேர்ந்து நிரம்பியதும், 'டைம்லெஸ்' என்ற இன்னொரு புரதத்தோடு கைகோத்து உட்கருவுக்குள் போய், தன்னைச் செய்த மரபணுவையே நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து குறைகிறது. குறைந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். புரதம் வேகமாகச் சிதையும் ஈக்கு நாள் சின்னது, மெதுவாகச் சிதைந்தால் நாள் பெரியது.

ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அதைப் பார்க்க கொனோப்கா இல்லை. 2015-லேயே இறந்துவிட்டார். பென்சர் 2007-ல் போய்விட்டார். இறந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை.

மதுரையில் ஒரு மணி இல்லாத அறை

இதில் நம் ஊர் எங்கே வருகிறது? எம்.கே.சந்திரசேகரன் என்ற விஞ்ஞானியிடமிருந்து வருகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில், கடற்கரை மணலில் புதைந்து வாழும் சின்ன நண்டு ஒன்றின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்து 1960களில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். ஜெர்மனிக்குப் போய் டிரோசோஃபிலா ஈக்களின் கடிகாரத்தில் ஒளி என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். திரும்பி வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். மதுரையை ஒட்டிய சமணர் மலைக் குகையில் அவரும் அவர் மாணவர்களும் செய்த வௌவால் ஆய்வு தனிக் கதை. குகைக்குள் சூரிய வெளிச்சமே இல்லாத இடத்தில் கூண்டில் அடைத்த வௌவால்கள், சாயங்காலம் கிளம்பிப் போய் விடிகாலையில் திரும்பி வரும் தங்கள் கூட்டத்தின் சத்தத்தையும் நடமாட்டத்தையும் வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொண்டன. பாட்டி பாத்திரம் உருட்டும் சத்தத்தில் வீடே விழிப்பதுபோல!

மதுரைப் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த இன்னொன்று இன்னும் சுவாரஸ்யமானது. மனிதர்கள் தங்குவதற்கான ஓர் அறை. கடிகாரம் கிடையாது, வெளிச்சம் உள்ளே வராது, வெளிச்சத்தம் கேட்காது. தன்னார்வலர்கள் அதற்குள் நாள்கணக்கில் தனியே தங்கினார்கள். பசித்தால் சாப்பிடலாம், தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துத் தூங்கலாம். வெளியே என்ன நேரம் என்று மட்டும் தெரியாது. சிலருடைய தூக்கம் - விழிப்புச் சுற்று உடலின் மற்ற தாளங்களிலிருந்து கழன்று தனியே ஓடவே ஆரம்பித்துவிட்டது. மணி காட்ட வெளியே எதுவும் இல்லாதபோது, ஒவ்வொருவர் உடம்பும் தன் சொந்த நாளை வாழ்ந்தது.

1990களில் சந்திரசேகரன் பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்குப் போனார். அங்கே பரிணாம உயிரியலாளர் அமிதாப் ஜோஷியிடம் ஈக்கள் இருந்தன. சாதாரண ஈக்கள் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிடிக்கப்பட்ட ஈக்களின் வம்சாவளி. தலைமுறை தலைமுறையாக, இரவே இல்லாமல், 24 மணி நேரமும் விளக்கு எரியும் அறையிலேயே வளர்க்கப்பட்டவை. பெங்களூருவில் அவற்றுக்குச் சாப்பாடு வாழைப்பழமும் வெல்லமும் கலந்த கூழ். பாயசத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை.

இரவையே பார்க்காத 600 தலைமுறை. மனிதக் கணக்கில் ஒரு தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்தால் 15,000 வருடங்கள். பயன்படாத கடிகாரம் இந்நேரம் துருப்பிடித்துப் போயிருக்க வேண்டாமா? சந்திரசேகரன், ஜோஷி, விஜய் குமார் சர்மா, அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த வாசு ஷீபா நால்வரும் அந்த ஈக்களைப் பகல் - இரவு உள்ள அறைக்கும், முழு இருட்டுக்கும் மாற்றிப் பார்த்தார்கள். ஈக்கள் தாளம் தவறாமல் வெளியே வந்தன. 1999-ல் வெளியான அந்த முடிவைத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கடிகாரம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

காலைக் கட்சி, மாலைக் கட்சி

இப்போதுதான் நம் வீட்டுச் சண்டைக்கு வருகிறோம். கொனோப்காவின் ஈக்கள் ரசாயனத்தால் கெடுக்கப்பட்டவை. 19 மணி நேர நாள் என்பது ஒரு பழுது. உங்கள் வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் உள்ள வித்தியாசம் பழுது அல்ல. இருவருமே நலமாகத்தான் இருக்கிறார்கள். அப்படியானால், எந்தக் குறையும் இல்லாத ஒரு கூட்டத்துக்குள் இயல்பாகவே இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் மரபணுவிலிருந்து வருகின்றனவா, இல்லை வளர்ப்பிலிருந்தா?

விஜய் குமார் சர்மாவின் குழு இதற்கு ரசாயனம் எதையும் தொடவில்லை. நாட்டு மாடு வளர்ப்பவர், நல்ல கன்றாகப் பார்த்து அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வாரே, அதே முறைதான். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று ஈக்களை வளர்த்தார்கள். நான்கு குழுக்களில், காலை நேரத்தில் கூட்டை உடைத்த ஈக்களை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக வைத்துக்கொண்டார்கள். வேறு நான்கு குழுக்களில், மாலை நேரத்தில் வந்த ஈக்களை மட்டும். மாலையில் வருபவை மிகக் கொஞ்சம்தான், இருந்தாலும் பொறுமையாகச் சேர்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, எந்தத் தேர்வும் செய்யாத குழுக்களும் உண்டு.

இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, 55 தலைமுறை. மனிதக் கணக்கில் போட்டால், மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறையைக் குடைந்துகொண்டிருந்த காலத்திலிருந்து இன்று வரை!

2007-ல் முடிவு வெளியானது. காலைக் குழுவில் காலையில் வரும் ஈக்களின் விகிதம் கூடி, மாலையில் வருபவை குறைந்திருந்தன. மாலைக் குழுவில் நேர் எதிர். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்தது. அந்த ஈக்களை வெளிச்சமே இல்லாத இருட்டில் வைத்து, உள்ளே இருக்கும் கடிகாரத்தை மட்டும் அளந்தார்கள். காலைக் குழு ஈக்களின் நாள் சுருங்கியிருந்தது. மாலைக் குழுவின் நாள் நீண்டிருந்தது. கூட்டை உடைக்கும் நேரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், தங்களுக்கே தெரியாமல் கடிகாரத்தையே திருகிவிட்டிருந்தார்கள். வளர்ந்த ஈயின் நடமாட்டமும் தூக்கமும்கூட அதற்கேற்ப மாறியிருந்தன. வெளிச்சம் பட்டால் கடிகாரம் எவ்வளவு முன்னே பின்னே நகரும் என்பதும் இரு குழுக்களுக்கும் ஒன்றாக இல்லை.

ஈயின் நடமாட்டத்தை எப்படி அளப்பார்கள் என்று கேட்கலாம். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமனான கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் சாப்பாடு, மறு முனையில் பஞ்சு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஈ இப்படியும் அப்படியும் நடக்கும்போது கதிர் அறுபடும். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். அசையாமல் இருந்தால் தூக்கம். ராத்திரி முழுக்க ஈக்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பாவம், மாணவர்களுக்கும் தூக்கம் உண்டே.

இந்தச் சோதனையின் அழகு எதில் இருக்கிறது என்றால், புதிதாக எதையும் ஈக்குள் நுழைக்கவில்லை. காலைக் கட்சி, மாலைக் கட்சி இரண்டும் முதல் நாளே அந்தக் கூட்டத்துக்குள் கலந்துதான் இருந்தன. பிரித்து எடுத்ததுதான் வேலை. கோயம்பேட்டில் ஒரு வாழைத்தாரைச் சுற்றும் ஈக்களைப் பிடித்தாலும், அதற்குள்ளும் சீக்கிரக்காரர்களும் லேட்டுக்காரர்களும் இருப்பார்கள்.

சந்தை என்றதும் இன்னொன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரின் உழவர் சந்தையில் அப்படித்தான் பிடித்தார்கள். டிரூடி மெக்கே என்பவரின் குழு அங்கே பிடித்த ஈக்களிலிருந்து 200-க்கும் மேற்பட்ட வம்சங்களை உருவாக்கி, ஒவ்வொரு வம்சத்தின் மரபணுத் தொகுப்பையும் படித்துப் பொதுவில் வைத்துவிட்டது. 2012-ல் முதல் தொகுதி வந்தது. யார் வேண்டுமானாலும் அந்த ஈக்களை வாங்கித் தூக்கம், பசி, கோபம், ஆயுள் என எதை வேண்டுமானாலும் அளந்து, எந்த மரபணு எழுத்து மாறினால் எது மாறுகிறது என்று தேடலாம். பலரும் தேடினார்கள். திரும்பத் திரும்பக் கிடைத்த பதில், 'ஒரு மரபணு அல்ல, ஏராளம்' என்பதுதான். ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தள்ளுகிறது.

பீரியட் மரபணுவே ஊருக்கு ஊர் ஒன்றாக இல்லை. அதற்குள் ஒரு துண்டு, பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும். ஐரோப்பாவின் தெற்கே வெப்பமான ஊர்களில் 17 முறை வரும் வடிவம் அதிகம், வடக்கே குளிர் ஊர்களில் 20 முறை வரும் வடிவம் அதிகம் என்று 1992-ல் கண்டுபிடித்தார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் தகுந்தபடி கடிகாரத்தின் உதிரிபாகம் மாறுகிறது.

ஈக்குச் சரி, நமக்கு?

நியாயமான கேள்வி. ஈ ஈதான், மனிதன் மனிதன்தான். ஆனால், மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால்வாசிக்கு ஈயிடம் சொந்தக்கார மரபணு இருக்கிறது. பீரியட் மரபணுவும் அதில் ஒன்று.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 69 வயதுப் பெண் ஒருவர் டாக்டரிடம் வந்தார். மாலை ஏழரை மணி வாக்கில் தூக்கம் சொக்குகிறது, விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, ஊர் தூங்கும்போது தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருடைய கவலை. வயதானால் அப்படித்தான் என்று அனுப்பிவிடாமல், டாக்டர் குடும்பத்தை விசாரித்தார். பேத்திக்கும் அப்படியே! 2001-ல் காரணம் தெரிந்தது. ஈயின் பீரியட் மரபணுவுக்குச் சொந்தக்காரரான 'பெர்-2' என்ற மனித மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. கொனோப்காவின் 19 மணி நேர ஈயின் தூரத்துச் சொந்தம் அந்தப் பாட்டி.

அது அபூர்வமான குடும்பம். நம்மைப் போன்றவர்களுக்கு? சுமார் 7 லட்சம் பேரின் மரபணுக்களை அலசிய ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. 'காலை மனிதர்' ஆவதோடு தொடர்புள்ள இடங்கள் 351 கிடைத்தன. ஈக்களில் பார்த்த அதே கதை. ஆயிரம் துளிகள், ஒரு குடம்.

அடுத்த எண்ணைத்தான் வீட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டும். அந்தக் காலை எழுத்துகள் மிக அதிகமாக உள்ள 5 சதவிகிதம் பேரையும், மிகக் குறைவாக உள்ள 5 சதவிகிதம் பேரையும் எடுத்து ஒப்பிட்டால், தூங்கப் போகும் நேரத்தில் சராசரி வித்தியாசம் 25 நிமிடம். அவ்வளவுதான். ஆக, ராத்திரி 2 மணி வரை போனில் ரீல்ஸ் தள்ளிவிட்டு, 'என் மரபணு அப்படி' என்று மகன் சொன்னால் நம்ப வேண்டாம்! அதே நேரம், இதுவரை கண்டுபிடித்த எழுத்துகளின் கணக்கு மட்டுமே இது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த வித்தியாசத்தில் பாதி வரை பரம்பரையாக வரலாம் என்கின்றன. மீதி பாதி வெளிச்சம், வேலை, வயது, வீடு.

வயதும் சும்மா இல்லை. பருவ வயதில் கடிகாரம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. 20 வயது வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல முன்னுக்கு வருகிறது. பாட்டி 4 மணிக்கு எழுவதும் பேரன் 9 மணிக்குப் புரள்வதும் ஒழுக்கத்தின் இரண்டு முனைகள் அல்ல, பெரும்பாலும் வயதின் இரண்டு முனைகள். பாட்டிக்கும் 20 வயதில் தூக்கம் வந்திருக்கும். எழுப்பிவிட மாமியார் இருந்திருப்பார்.

மூன்று ஷிஃப்ட், ஒரே கடிகாரமா?

டீக்கடைக்குத் திரும்புவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பெல்ட்டில் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, கால் சென்டர், காவல் பணி என ராத்திரி விழித்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பல இடங்களில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் சுழலும். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து நைட். அட்டவணை போடுபவர் எல்லாத் தொழிலாளிகளுக்கும் ஒரே கடிகாரம் இருப்பதாக நினைத்துத்தான் போடுகிறார். ஜக்கூர் ஈக்கள் சொல்வது வேறு. ஒரே கூட்டத்துக்குள்ளேயே கடிகாரம் பல விதம். மாலைக் கட்சிக்காரர் நைட் ஷிஃப்டை ஓரளவு தாங்கலாம். 5 மணிக்கே விழிப்பு வந்துவிடும் காலைக் கட்சிக்காரருக்கு அதே ஷிஃப்ட் தண்டனை. அவர் வீட்டுக்கு வந்து படுத்தாலும், உடம்பு 'விடிஞ்சாச்சு' என்று எழுப்பிக்கொண்டே இருக்கும்.

இது வெறும் அலுப்புப் பிரச்னையும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் நைட் ஷிஃப்ட் வேலையை, 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவை' பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி பரிசீலித்தும் அதே பட்டியலில்தான் வைத்தது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நிரூபணமான ஆபத்து என்று அர்த்தம் இல்லை, அலட்சியப்படுத்தலாம் என்றும் அர்த்தம் இல்லை.

ஷிஃப்டை மாற்றும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் கையில் இருப்பது வெளிச்சம். கடிகாரத்தைத் திருப்பும் சாவி அதுதான், ஈக்கும் நமக்கும். நைட் முடித்து வருபவர் வழியில் காலை வெயில் கண்ணில் படாமல் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வருவதும், வந்ததும் இருட்டாக்கிய அறையில் படுப்பதும் உதவும். அந்த நேரத்தில் டி.வி-யைக் கொஞ்சம் தணித்து, காலிங் பெல் அடிப்பவர்களைத் தடுப்பது வீட்டாரின் பங்கு. உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வாக்கில்தான் நகரும். வாரத்துக்கு வாரம் 8 மணி நேரம் நகர்த்தச் சொன்னால், அது முழுதாக நகர்ந்து முடிப்பதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்து நிற்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம்!

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இந்தக் கடிகாரத்தைச் செலவில்லாமல் பார்க்க முடியும். மார்கழியில் செய்வது நல்லது. 30 டிகிரியைத் தாண்டும் சென்னை வெயிலில் இந்த ஈயின் இனப்பெருக்கமே தடுமாறும்.

சுத்தமான கண்ணாடி ஜாரில் நன்றாகக் கனிந்த வாழைப்பழம் அரை, அதன்மேல் ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம். இரண்டு நாள் திறந்து வைத்தால் ஈக்கள் தேடி வரும். ஏழெட்டு ஈக்கள் உள்ளே போனதும் வாயை மெல்லிய துணியால் கட்டிவிடவும். சில நாளில் வெள்ளைப் புழுக்கள் தெரியும். பிறகு அவை ஜாரின் சுவரில் ஏறி, பழுப்பு நிற நொய்யரிசி போல ஒட்டிக்கொள்ளும். அதுதான் கூட்டுப்புழு. அப்போது பழைய ஈக்களை வெளியே விட்டுவிடலாம். ஜாரை ராத்திரி 11 மணி வரை டியூப்லைட் எரியும் ஹாலில் வைக்கக் கூடாது. வெயில் நேரடியாகப் படாமல், பகல் வெளிச்சமும் இரவு இருட்டும் வந்துபோகும் ஜன்னலோரம் சரியான இடம்.

10-வது நாள் வாக்கில் கூடுகள் கறுக்கும். அப்போதிலிருந்து காலை 6, 10, மாலை 6, இரவு 10 என நான்கு முறை பார்த்து, உடைந்த காலிக் கூடு ஒவ்வொன்றுக்கும் நேராக ஜாரின் வெளிப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைக்கவும். நேரத்துக்கு ஒரு நிறம். 10 மணிப் பார்வைக்குப் பாட்டியை நியமிக்க வேண்டாம், அவர் தூங்கியிருப்பார்.

நான்கைந்து நாளில் ஜாரைச் சுற்றிக் காலை நிறப் புள்ளிகள் அப்பிக் கிடக்கும். நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மாலை நிறத்தில் சில. ஜக்கூரில் மாலைக் கட்சி தொடங்கியது அந்த மாதிரிச் சிலரை வைத்துத்தான்.